ஒப்பீட்டுக் குழுவின் அறை

"ஏன் மேடம், அந்த ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் வாயே திறக்கல?" என்று கேட்டபடி பன்னிரண்டாம் எண் ஆள் அறையை விட்டு வெளியே வந்தார். உள்ளே இருந்தவை இரண்டு காலி நாற்காலிகள்.

ஆராய்ச்சி மாணவிக்குச் சலிப்புதான் வந்தது. போன வாரம் ஒரு நர்ஸும் இதையேதான் கேட்டாள். அதற்கு முன்னால் ஒரு தபால்காரர்.

மன அழுத்தத்தை எப்படி அளப்பது என்று கற்றுக்கொள்ளத்தான் இந்த ஆய்வு. பாதிப் பேர் வெள்ளை கோட் போட்ட இரண்டு மதிப்பீட்டாளர்கள் முன் நின்று தங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். மதிப்பீட்டாளர்கள் சிரிக்கக் கூடாது, தலையசைக்கக் கூடாது. பேச்சு நின்றால் "இன்னும் நேரம் இருக்கு, பேசுங்க" என்று மட்டும் சொல்லலாம். பிறகு ஆயிரத்து இருபத்திரண்டிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழிக்க வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. மறுபாதி ஒப்பீட்டுக் குழு. அதே அறை, அதே பேச்சு, எதிரே ஆள் மட்டும் கிடையாது. நெஞ்சில் கட்டிய பட்டை நாடித்துடிப்பைச் சொல்லும். மென்று துப்பிய பஞ்சில் ஊறிய எச்சில், அதில் சுரந்திருக்கும் அழுத்த ஹார்மோனை வைத்து, மீதியைச் சொல்லும்.

அவளுக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் ஆட்களே இல்லை, எச்சில் சுரக்கும் பைகள். தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்வதற்குள் தொப்பலாக நனைகிறவர்கள், ஆயிரத்து ஒன்பதைத் தாண்டுவதற்குள் விரல் மடக்குகிறவர்கள், அழுது மூக்கைச் சிந்திவிட்டு, "நான் நல்லாப் பண்ணினேனா?" என்று பல்லிளிக்கிறவர்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். காலி அறையில் நின்று பேசியவர்களின் நாடியும் அதே உயரத்துக்கு எகிறியதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

"எனக்கு வாய்ச்சதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க, மேடம்," என்றாள் பேராசிரியையிடம்.

"ஆளுங்க மேல பழி போடாத. அந்த அறையில நீ ஒரு தடவையாவது நின்னு பார்த்திருக்கியா? இன்னிக்கே நில்லு."

கடைசியாக எப்போது ஒரு மனிதரை அளந்திருப்பாள் இந்தப் பொம்பளை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே, மதியம் மூன்று மணிக்கு அவள் பட்டையைக் கட்டிக்கொண்டாள். ஆய்வக உதவியாளரான லேப் அண்ணன் பக்கத்து இருட்டறையில், கண்ணாடிக்கு அந்தப் புறம், மைக்கோடு உட்கார்ந்தார். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஜன்னல். இந்தப் பக்கம் வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி.

வெளியே பார்க்கும் ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஏசியின் இரைச்சலுக்கு அடியில், இதுவரை அவள் கவனித்திராத ஒரு வாடை, கிருமிநாசினியாலும் கழுவ முடியாத பல பேருடைய பழைய வியர்வை வாடை, கம்பள விரிப்பிலிருந்து மெல்லக் கிளம்பி முழங்கால் வரை, இடுப்பு வரை, தொண்டை வரை ஏறிக்கொண்டிருந்தது. எதிரே இரண்டு நாற்காலிகள். காலி. அவள் தன் மதிப்பெண்களையும் தங்கப் பதக்கத்தையும் அலட்சியமாக அடுக்கினாள். இரண்டாவது நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோனது.

"இன்னும் நேரம் இருக்கு, பேசுங்க," என்றது சுவரிலிருந்த ஸ்பீக்கர்.

"அண்ணே, அந்த வசனம் இந்தக் குழுவுக்குக் கிடையாது. இதுகூடத் தெரியாதா?"

"பேசுங்க."

லேப் அண்ணனின் குரல்தான். இஸ்திரி போட்டதுபோல் ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது. அவர் அவளை ஒருநாளும் இப்படிப் பேசுங்க, போங்க என்றதில்லை, "ஏம்மா" என்பார்.

அவள் பேசினாள். ஏன் பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினாள். நாற்காலியின் ரெக்சின், யாரோ நகர்ந்து உட்கார்ந்தாற்போல் மெதுவாக முனகியது. தாளில் பேனா ஓடும் ஓசை. அவள் சொன்ன ஒவ்வொரு பெருமைக்கும் ஒரு கோடு. குறுக்கே அடித்த கோடு.

"அந்த நர்ஸோட நாடிக் கணக்கை நான்தான் அழிச்சேன்," என்றாள். சொல்ல நினைக்கவில்லை. வாய் சொன்னது. "தபால்காரரோடதையும். முடிவு அழகா வரணும்னு."

"கழிங்க."

"ஆயிரத்து ஒன்பது. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு. தொள்ளாயிரத்து... எண்பத்திநாலு."

"முதல்லருந்து."

வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. "ஆயிரத்து ஒன்பது," என்று தொடங்கும்போது கதவு தட்டப்பட்டது.

"ஏம்மா, கதவைத் திற." வராந்தாவிலிருந்து லேப் அண்ணன். "நீ உள்ள போனதுமே மேடம் கூப்பிட்டாங்கன்னு போயிட்டேன். இப்பதான் வர்றேன். எதுக்கு உள்பக்கம் தாழ் போட்ட?"

அவள் தாழ் போடவில்லை.

"அண்ணே," என்றாள். "மைக்ல யாரு?"

"யாரும் இல்லையே. அந்த அறையையும் பூட்டிட்டுத்தானே போனேன்."

"முதல்லருந்து," என்றது ஸ்பீக்கர்.

கதவு அதிர்ந்தது. அண்ணன் தோளால் இடிக்கிறார். அவள் தாழை இழுத்தாள். வழுக்கியது. மறுபடி இழுத்தாள். வழுக்கியது.

அப்போது கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

அவளுடைய பிம்பம் மறைந்தது. அங்கே ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப் புறம் இரண்டு பேர், தோளோடு தோள் ஒட்டி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கைபோல மொழுமொழுவென்ற தோல். கண் இல்லை. மூக்கு இல்லை. ஆளுக்கொரு வாய். மூடிய வாய். இருவருக்கும் ஒரு பக்கத்து உதட்டோரம் மட்டும், அருவருப்பான எதையோ பார்த்தவர்களுக்கு ஏறுவதுபோல், மெல்ல மேலே ஏறியது. கன்னம் வரை ஏறியது. காது இருக்க வேண்டிய இடம் வரை ஏறியது.

அங்கேயும் நிற்கவில்லை.