பூஜையில் வைத்த ஜாக்கி

உதயகுமார் ஜாக்கியை இரண்டு சுற்றுதான் சுற்றினான். கார் நான்கு விரற்கடை மேலே போய்விட்டது.

பத்து சுற்றுக்கு ஒரு விரற்கடை ஏறினாலே அதிகம் என்கிற பழைய ஜாக்கி அது. ஒவ்வொரு சுற்றுக்கும் அழுது முனகி, கையில் கொப்புளம் போட்டுத்தான் வண்டியைத் தூக்கும். இன்று சத்தமே இல்லை. கம்பியைப் பிடித்த கையில் பாரமும் தெரியவில்லை. வெயிலில் தன் கணக்குதான் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பின்சீட்டை எட்டிப் பார்த்தான். மதிவதனி துண்டுக்குள் சுருண்டு படுத்திருந்தாள். அவன் மகள். ஒன்பது வயது. காலையில் ஜுரத்தோடு ஒருமுறை வலிப்பு வந்து நின்றிருந்தது. மறுபடி வருவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். பத்து நிமிட வழி. தெருமுனை தாண்டுவதற்குள் முன்சக்கரத்தில் ஆணி.

ஆளை உள்ளே வைத்துக்கொண்டு ஜாக்கி போடக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் இந்த உச்சி வெயிலில் அவளை எங்கே படுக்க வைப்பது? ஆயுத பூஜை என்று மண்ணூர்பேட்டையில் எல்லா ஷட்டரும் இறங்கிக் கிடந்தது. ராத்திரி பகல் என்று இல்லாமல் இரும்பு அறுபடுகிற தெருவில், இன்று உடைத்துப் போட்ட பூசணிக்காய்களின் மேல் ஈ மொய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. குங்குமம் கரைந்த பூசணிச்சாறு தாரில் ஓடிக் காய்ந்து, புளித்த வாடையும் கற்பூர வாடையும் ஆயில் வாடையும் ஒன்றாகக் கலந்து அவன் தொண்டையை அடைத்தது. நிழல் என்று இருந்தது காருக்கு அடியில் மட்டும்தான்.

ஆணி குத்தியதுமே பஞ்சர் கடை பரந்தாமனுக்குப் போன் போட்டிருந்தான். அவன் சிரித்தான்.

"இன்னா அண்ணாத்தே, இன்னிக்கா போன் பண்றது? சாமான் எல்லாம் பூஜைல கீது. நாளைக்கு காலைல கேட்டுட்டுதான் எடுப்பேன்."

"கொயந்தைக்கு ஒடம்பு சரியில்ல நைனா. ஆட்டோவாச்சும் ஒண்ணு அனுப்பு."

"ஆட்டோ எல்லாம் மாலை போட்டுகினு குந்தினு கீது. இத்தினி வருசம் வண்டி ஓட்ற, ஒரு வீலு கயட்ட தெரியாதா?"

தெரியும். ஆனால் அவனுடைய ஜாக்கியும் ஸ்பேனரும்கூட சந்தனம் வைத்து, வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் இலையில் படுத்திருந்தன. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் கற்பூரம் காட்டி, எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். உதயகுமார் வீட்டுக்கு ஓடினான். கேட்கவில்லை. பூவைத் தட்டிவிட்டு உருவிக்கொண்டு வந்தான்.

ஹேண்ட் பிரேக் போட்டான். கியரில் நிறுத்தினான். பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை இளக்க வேண்டும் என்று அதையும் ஒழுங்காகத்தான் செய்தான். சந்தனம் பூசிய ஸ்பேனர் வழுக்கி வழுக்கி, முட்டி இரண்டு முறை தரையில் உரசித் தோல் போனது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கவர்மெண்டைத் திட்டினான், ஆணியைத் திட்டினான், பரந்தாமனின் அம்மாவைத் திட்டினான்.

இப்போது கார் மேலே ஏறி நின்றபோது போன் அடித்தது. கன்னியம்மா. அவன் மனைவி அதே ஆஸ்பத்திரியில்தான் கூட்டிப் பெருக்குகிற வேலை செய்கிறாள். கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க கீற?"

"வந்துகினே கீறேன்."

"இதையேதான் அரை மணியா சொல்ற. பஞ்சர்னியே, வீலு கயட்ட சாமான் ஏது?"

"நம்மளுதுதான்."

"கேட்டுட்டு எடுத்தியா?"

"கேட்டேன் கேட்டேன். போனை வை."

சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கி நழுவினாலும் வண்டி தரையில் விழாமல் இருக்க அதைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டான். ஸ்டெப்னியைத் தூக்கி போல்ட்டுகளில் மாட்டினான். திரும்பும்போது கால் பட்டு, நட்டு வைத்திருந்த சக்கர மூடி கவிழ்ந்தது. மூன்று நட்டு காலடியில். நாலாவது உருண்டு காருக்கு அடியில் போய்விட்டது.

"சனியனே!"

தாரில் கன்னத்தை வைத்துப் படுத்தான். வெயிலில் கூசிய கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டித் துழாவினான். கல். மண். காய்ந்த இலை. எட்டவில்லை. "குடு, குடு" என்று வாய் தன்னால் முனகியது.

உள்ளங்கையில் நட்டு வந்து உட்கார்ந்தது. அவன் விரல்கள் மடக்கி மூடப்பட்டன.

எழுந்தான். நட்டை மாட்டினான். முறுக்கினான். எதிர் எதிராக ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு. நாலாவதை முறுக்கும்போதுதான் கை நின்றது.

மூடப்பட்டன. அவன் மடக்கவில்லை.

நட்டு ஐஸ் போலச் சில்லென்று இருந்தது.

குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. குனியக் கூடாது என்று தோன்றியது. ஜாக்கியை இறக்கு. வண்டியை எடு. போய்விடு. காலால் பழைய சக்கரத்தை வெளியே இழுத்துத் தள்ளிவிட்டு, ஜாக்கியைத் திருப்பிச் சுற்றினான். சுற்றச் சுற்ற ஜாக்கி கீழே இறங்கியது. அதன் தலைக்கும் காருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. ஒரு கை இடைவெளி. ஜாக்கி சாய்ந்து தரையில் விழுந்தது.

கார் இறங்கவில்லை.

"மதி! ஏந்திரி! வெளிய வா!"

பின்கதவுக்குப் பாய்ந்தான். காலையில் அவனே கைப்பிடியில் அப்பிய சந்தனம் வேர்வையில் நனைந்து வழுக்கியது. பிடித்தான். நழுவியது. மறுபடி பிடித்தபோது கைப்பிடி மார்புக்கு வந்திருந்தது. அப்புறம் முகத்துக்கு. பின்சக்கரங்களும் கல்லை விட்டு மேலே போயின. உள்ளங்கையில் சந்தனம் மட்டும் மிச்சம்.

கார் நகர்ந்தது. எஞ்சின் ஓடவில்லை. சக்கரம் சுற்றவில்லை. நான்கும் தொங்கின. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, தோளில் சுமப்பவர்கள் கால் மாற்றி வைப்பதுபோல அசைந்து அசைந்து போனது. அடியில் வெயில்தான் இருந்தது. அந்த வெயிலில் பூசணித் துண்டுகள் மட்டும் ஒவ்வொன்றாக நசுங்கின. சளக். சளக்.

ஓடினான். அது மெதுவாகத்தான் போனது. எட்ட முடியவில்லை.

முதல் ஷட்டருக்கு முன்னால் கார் நின்றது. சாமி ஊர்வலம் வாசலுக்கு வாசல் நிற்பதுபோல முகத்தைக் கடைப் பக்கம் திருப்பியது. வெளியே பூட்டுத் தொங்கிய அந்தக் கடைக்குள்ளிருந்து பூஜை மணி அடித்தது.

கண்ணாடிக்குள் மதிவதனி எழுந்து உட்கார்ந்திருந்தாள். நேராக. ஜுரம் இல்லாத முகம். சாமி படத்தில் இருப்பதுபோல ஒரு கையை விரித்து முன்னால் காட்டியபடி, கண் இமைக்காமல்.

அடுத்த ஷட்டர். மணி.

அடுத்தது.