இரண்டு மில்லிகிராம் சந்தேகம்

"உங்க தராசு பொய் சொல்லுது மேடம்."

காலை ஒன்பது மணி. ஒரு வணக்கம்கூட இல்லாமல் வந்து விழுந்த அந்த வார்த்தையில், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்துப் பொடி மடித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தாள்.

தலைமுடியில் மழைத்துளிகள். மூக்குக் கண்ணாடியில் பாதி ஆவி. கையில் சின்ன இடுக்கி, அதன் நுனியில் பளபளவென்று ஒரு எடைக்கல். வருஷத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரித் தராசுகளைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்ட வருவார்களே, அந்த வேலைக்கு இந்த வருஷம் புதிதாக வந்திருக்கும் ஆள். பெயரைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. தராசுக்காரர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள்.

"ஆறு வருஷமா இதுலதான் குழந்தைங்களுக்கு மருந்து நிறுத்துக் கொடுக்கிறேன். ஒரு குழந்தைக்கும் ஒண்ணும் ஆனதில்லை" என்றாள் விறைப்பாக.

"ஆகவும் ஆகாது. ஐம்பது கிராம் கல்லை வெச்சா ரெண்டு மில்லிகிராம் குறைச்சுக் காட்டுது. அவ்வளவுதான்."

"ஒரு கொசு வெயிட்டு. அதுக்கா இந்த அலட்டல்?"

"ஒரே ஒரு கொசு ரூமுக்குள்ள புகுந்தா நீங்க தூங்கிடுவீங்களா மேடம்?"

வாசலில் நின்ற நர்ஸ் அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். இவளுக்குச் சுர்ரென்று வந்தது. சிரிப்பும் வந்தது... அதை விழுங்கினாள்.

அவன் குனிந்து தராசின் மூலையில் இருந்த சிறிய கண்ணாடி வட்டத்தைப் பார்த்தான். அதற்குள் ஒரு நீர்க்குமிழி. நடுவில் இருக்க வேண்டியது, ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது.

"தினமும் இந்த மூலையில யாராவது கையை அழுத்தி வெக்கிறாங்களா?"

அவள் முகம் சிவந்தது. "நான்தான். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கை வெச்சு வேண்டிக்குவேன்."

"என்னன்னு?"

"அளவு தப்பக் கூடாதுன்னு."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலை மேடம். அந்த அழுத்தத்துலதான் இந்தக் கால் இறங்கித் தராசு சாஞ்சிருக்கு. அளவு தப்பக் கூடாதுன்னு வேண்டி வேண்டியே..." மேலே சொல்லாமல் நிறுத்தினான். எதிரே இரண்டு பெரிய கண்கள் அவனையே சுட்டுக்கொண்டிருந்தன.

"உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாதா?"

"கிடையாது" என்றான், டீ வேண்டாம் என்று சொல்வதுபோல. "எங்க வீட்டுல அது பரம்பரை வியாதி."

'பேச்சைப் பார்... திமிர்' என்று நினைத்தாள். அன்று முழுக்க அதையே நினைத்தாள். அவ்வளவு நேரம் நினைக்க வேண்டிய விஷயமா அது என்று மட்டும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை தராசின் குமிழி வட்டத்துக்கு நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வழக்கம்போல் கையை நீட்டியவள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தாள். தராசுக்குப் பக்கத்துச் சுவரில், அவள் கை எட்டும் உயரத்தில், வட்டமாக ஒரு ஸ்டிக்கர். அச்சடித்தது போன்ற கையெழுத்து: 'வேண்டிக்கொள்ள இங்கே கை வைக்கவும்.'

கேலியா? இன்னொரு தடவை படித்தாள். இல்லை... கேலி செய்கிறவன் உயரம் பார்த்து ஒட்ட மாட்டான். வேண்டாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தனக்கு இல்லாத நம்பிக்கைக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மனித மனம் பெரிய உபகாரங்களுக்கெல்லாம் அவ்வளவு எளிதில் அசைவதில்லை. இப்படி ஒரு விரற்கடை அளவு அன்புக்கு அசைந்துவிடும்.

அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூட மட்டும் கொஞ்சம் நேரமானது.

அடுத்த வாரம் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்று வந்தான். அதற்கடுத்த வாரம் ரிப்போர்ட்டில் தேதி சரியில்லை. அதற்கும் அடுத்த வாரம் காரணம் சொல்ல மறந்தே போனான்.

"ஏண்டி, தராசுக்கு இத்தனை தடவையா காய்ச்சல் வரும்?" என்றாள் நர்ஸ் அக்கா. "அந்த மனுஷனைக் கேண்டீனுக்கு அனுப்பு. நீயும் போய்த் தொலை. இங்க நான் பார்த்துக்கிறேன்."

கேண்டீன் ஜன்னலுக்கு வெளியே மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. இரண்டு டீ.

"சந்தேகமே இல்லாத அளவுன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது" என்றான் அவன். "சர்டிபிகேட்லயே எழுதுவோம், இவ்வளவு வரைக்கும் சந்தேகம் உண்டுன்னு. அந்த வரி இல்லேன்னா சர்டிபிகேட் செல்லாது."

"அப்போ கடவுள் இல்லைங்கிறீங்களே... அதுல சந்தேகம் எவ்வளவு?"

அவன் யோசித்தான். பதில் தெரியாவிட்டால் தெரியாதவன்போல் முழிக்கிற அந்த முகம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"கொஞ்சம் இருக்கத்தான் வேணும். அளந்ததில்லை. உங்களுக்கு?"

"எனக்குச் சந்தேகமே கிடையாது" என்றாள். கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது.

"உங்க இடது செருப்பு சீக்கிரம் தேஞ்சிடுமா?" என்றான் திடீரென்று.

"எப்படித் தெரியும்?"

"சத்தம் வேற மாதிரி இருக்கும். தாழ்வாரத்துல நீங்க வர்றது அதுலயே..." சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவனாக டீயைப் பார்த்தான். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. இவள் இதயம் எந்தத் தராசுக்கும் அடங்காமல் குதித்தது.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். அப்பா ரிட்டையரான பஸ் டிரைவர். லீவு நாள் காலையில் பிரார்த்தனைக் கூடத்தில் முதல் குரல் அவருடையது. அம்மா போன பிறகு அந்தக் குரல்தான் இருவரையும் தூக்கி நிறுத்தியது. ஒரு ராத்திரி அவரிடம் தராசுக்காரனைப் பற்றிச் சொன்னாள்.

"நல்ல பையனா பாப்பா?"

"நல்லவர்ப்பா."

"நம்பிக்கை உள்ளவனா?"

அவள் தண்ணீர்ச் சொம்பை எடுக்கத் திரும்பிக்கொண்டாள். அப்பா சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்தார்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். பிரேக்கை மிதிச்சுப் பார்க்காம ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. நம்பிக்கை இல்லாத ஆளு பிரேக் இல்லாத வண்டி. அதுல என் பொண்ணை ஏத்த மாட்டேன்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினார். "வர்ற லீவு நாள் கூடத்துக்கு வரட்டும். 'நம்புகிறேன்'னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் நான் ஒண்ணும் கேட்கலை."

இதைக் கேட்டதும் தராசுக்காரன் கையில் இருந்த எடைக்கல்லைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

"ஒரு வார்த்தைதானே... உங்களுக்காகச் சொல்லிடறேன்" என்றான் கடைசியில்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு நாள் பறந்தே போயின.

லீவு நாள் காலை. வானம் கறுத்துக் கிடந்தது. பிரார்த்தனைக் கூடத்துக்கு முன்னே திறந்த முற்றத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஓர் ஓரமாக நின்றான். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"என்ன பண்றீங்க?"

"பழகிப் பார்க்கிறேன்... நம்புகிறேன்... நம்புகிறேன்... வர வர குரலே எழும்ப மாட்டேங்குது."

சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவன் கைகளைப் பார்த்துவிட்டாள். இடுக்கியில் எடைக்கல்லைத் தூக்கும்போது இம்மியும் அசையாத அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு கேட்கட்டுமா? சோதிக்காமலே எந்தத் தராசுக்காவது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களா?"

"இல்லை."

"ஒட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லையா?"

"நிறைய பேர் கேட்டிருக்காங்க."

"அவங்களுக்கெல்லாம் மாட்டேன்னீங்க. எனக்கு மட்டும் ஒட்டப் போறீங்களா?"

அவன் தலை குனிந்தான்.

"வேண்டாம்" என்றாள். "என் கடவுள் முன்னாடி என் பேர்ல ஒரு பொய் வேண்டாம். நீங்க போயிடுங்க."

"போனா... உங்க அப்பா?"

"அவர் சொன்னா சொன்னதுதான். போங்க... ப்ளீஸ்."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அப்பா தனக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக வைத்திருந்தார். அவள் தனியாக வருவதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பாட ஆரம்பித்தார். வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

அவள் கண்ணை மூடினாள். வார்த்தை வரவில்லை. 'கேட்கிறாயா? நிஜமாகவே இருக்கிறாயா? இருந்தால், இவ்வளவு நல்லவனை ஏன் அந்தப் பக்கம் நிற்க வைத்தாய்?' என்று ஒரு கேள்வி எழுந்தது. திடுக்கிட்டாள். எனக்குச் சந்தேகமே கிடையாது என்று கேண்டீனில் மார்தட்டினாளே... அதுவும் சோதிக்காமல் ஒட்டிய ஸ்டிக்கர்தானே?

'எனக்கும் சந்தேகம் வருகிறது, மன்னித்துக்கொள்' என்று முணுமுணுத்தாள். சொன்ன பிறகு மனம் லேசாயிற்று. உண்மையான பிரார்த்தனையை அவள் அன்றுதான் முதன்முதலாகச் செய்தாளோ என்னவோ.

பாட்டு முடிந்தபோதுதான் எல்லோருக்கும் செருப்பு ஞாபகம் வந்தது. "ஐயோ, நனைஞ்சு ஊறியிருக்குமே" என்று வாசலுக்கு ஓடினார்கள். ஓடியவர்கள் அப்படியே நின்றார்கள்.

முற்றம் காலியாக இருந்தது. கூரைக்குக் கீழே தாழ்வாரம் முழுக்க ஒரே வரிசையில் செருப்புகள். முதலில் ஒரு கைக்குழந்தையின் பொம்மைச் செருப்பு. அப்புறம் அதைவிடக் கொஞ்சம் பெரியது. அப்புறம் இன்னும் கொஞ்சம் பெரியது... அளவு பிசகாமல் வளர்ந்துகொண்டே போன அந்த வரிசையின் கடைக்கோடியில், அப்பாவின் பன்னிரண்டாம் நம்பர் செருப்பைக் கைக்குட்டையால் துடைத்தபடி, சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன் மண்டியிட்டிருந்தான்.

பிறகு கூடமே சிரித்தது.

"இதென்ன தம்பி, அளவுவாரியா அடுக்கியிருக்கீங்க?" என்றார் அப்பா.

"எல்லாம் கறுப்பா இருந்தது சார். எது எதோட ஜோடின்னு தெரியலை. அளவுப்படி வெச்சா ஜோடி தானா சேர்ந்துடும்னு..."

"உள்ள வர்றேன்னு சொன்னீங்களாமே?"

"வந்தா பொய் சொல்லணும் சார். உங்க பொண்ணு விடலை. போகச் சொன்னாங்க... மழை வந்துடுச்சு."

அப்பா செருப்பில் காலை நுழைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. மகளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார்.

"உள்ள உட்கார்ந்திருந்த பாதிப் பேர் செருப்பு நனையக் கூடாதுன்னுதான் வேண்டியிருப்பாங்க. அது யார் கையால நடந்திருக்கு பாரு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "கடவுள் இவனை நிறுத்தினாரா, இவனா நின்னானான்னு நீங்க ரெண்டு பேரும் ஆயுசுக்கும் சண்டை போட்டுக்குங்க. நிக்க வேண்டிய இடத்துல நின்னிருக்கான். பிரேக் இருக்கு."

"அப்பா..."

"தம்பி, வீட்டுக்கு வாங்க, தலையைத் துவட்டிட்டு டீ குடிக்கலாம். நம்பிக்கை வந்தா வந்து சொல்லுங்க. வரலைன்னாலும் வந்து சொல்லுங்க." குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

கூட்டம் கலைந்தது. அவளுடைய வலது செருப்பு கண்ணில் பட்டது. இடது?

நான்கு செருப்புகள் தள்ளி இருந்தது.

"இது ரெண்டும் ஒரே ஜோடி" என்றாள்.

"தெரியும்... உங்களோடதுன்னு பார்த்ததுமே தெரியும். ஆனா இடது தேஞ்சு கொஞ்சம் சின்னதாயிடுச்சு. அளவு ஒத்துவரலை."

"அதனால பிரிச்சு வெச்சீங்களா?"

"வரிசைன்னா வரிசைதானே" என்றான் பரிதாபமாக.

அவள் சிரித்தாள். கண்ணில் மழையா வேறொன்றா என்று தெரியாமல் ஈரம். குனிந்து இரண்டு செருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"நானும் ஒரு ஸ்டிக்கரைத் தப்பா ஒட்டிட்டேன். சந்தேகமே கிடையாதுன்னேனே... கிடையாதுன்னு இல்லை. இன்னிக்கு உள்ள இருந்தது. ரெண்டு மில்லிகிராம்."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்க உலர்ந்த துணி ஏதும் மிச்சமில்லை. கண்ணாடி இல்லாத அந்தக் கண்களை அவள் முதன்முதலாகப் பார்த்தாள்.

"எனக்கு ஒரே ஒரு விஷயத்துல மட்டும் அது இல்லை" என்றான் மெல்ல. "எப்படி அளந்தாலும் ஒரே பதில்தான் வருது. எனக்கு... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"சந்தேகம் இல்லாத சர்டிபிகேட் செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"செல்லாதா?"

அவள் அளவு ஒத்துவராத அந்த இரண்டு செருப்பையும் காலில் மாட்டிக்கொண்டாள். குடையை விரித்தாள். பாதியை அவன் பக்கம் சாய்த்தாள்.

"செல்லும்... வாங்க. எனக்கும் ரொம்ப நாளா அதே பதில்தான்."

நனைந்த தெருவில் இருவரும் நடந்தார்கள். வலது ஒரு மாதிரியும் இடது வேறு மாதிரியுமாக அந்தச் சத்தம், இந்த முறை அவனுக்கு வெகு பக்கத்தில் கேட்டது.