சும்மா ரூம்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டு, ஈரக்கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, எலியம்மா புட்டி வண்டியைத் தள்ளினாள். எலியம்மா என்பது ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர். எலிகளுக்குத் தீனி வைக்க, தண்ணீர்ப் புட்டி மாற்ற, பீ அள்ள அவள்தான்.

இரண்டு அறைகள். பிளாஸ்டிக்கை இளக வைக்கச் சேர்க்கிற எண்ணெயைச் சினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது மருந்து ரூம். எதுவும் கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வளர்ப்பது சும்மா ரூம். மருந்து ரூம் குட்டிகள் குறையோடு பிறக்கும். அதைப் பார்க்கத்தானே அந்த ரூமே. சும்மா ரூமுக்குள் போனால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

எலிகளுக்காக அங்கே பகலை இரவாக்கி வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே ஒற்றைச் சிவப்பு விளக்கு. மூத்திர நெடி கண்ணைக் கரித்தது, காற்றுக்குழாய் தலைக்கு மேலே உறுமியது. ஆனால் அந்த உறுமலுக்கு அடியில் எப்போதும் ஓடுகிற பிறாண்டலும் உருட்டலும் பல் நறநறப்பும் இன்று இல்லை.

“எந்திரிங்கடி மகராசிகளா. தின்னுட்டுத் தூங்குற பொழப்பு எனக்கும் வாய்க்கலையே,” என்றாள்.

அவை எழுந்துதான் இருந்தன. மேல்தட்டு, கீழ்த்தட்டு, எல்லாக் கூண்டிலும். பின்னங்காலில் நின்றபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. குட்டி போட்டவைகூட. காலடியில் குட்டிகள் அனாதையாக நெளிந்தன.

ஆராய்ச்சிக்கார மேடம் உள்ளே வந்து ஒரு குட்டியைக் கையுறையில் ஏந்தினாள். வாலுக்கடியில் ஒரு பார்வையில் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறவள், இன்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதற்கு வாலே இல்லை.

“அக்கா, கூண்டு எதையாவது மாத்தி வச்சிட்டீங்களா?”

“இத்தன வருசமா மாத்தாதவ இன்னைக்கா மாத்தப் போறேன்?”

“அப்ப இதுங்களுக்கு எப்படி இந்தக் கோளாறு வந்துச்சு? நாம ஒண்ணுமே குடுக்கலையே.” சொல்லிக்கொண்டே கூண்டிலிருந்து புட்டியை உருவினாள். விரல் ஒட்டியது. “இது ஏன் இப்படிப் பிசுபிசுங்குது? எதுல கழுவுனீங்க?”

“எப்பவும் கழுவுறதுலதான் மேடம்.”

பொய். இடுப்பு விழுந்ததிலிருந்து அவள் பிரஷ் போட்டுத் தேய்ப்பதை விட்டிருந்தாள். தரைக்கறை எடுக்கிற காரப்பொடியைக் கொதிக்கிற டிரம்மில் கொட்டி, புட்டிகளை மொத்தமாக முக்கி எடுத்தாள். வேலை சுளுவாக முடிந்தது. பிளாஸ்டிக் புட்டிகள் இளகி எண்ணெய் கசிந்தன. பார்வை போன கண் மாதிரி வெளுத்தன. ரொம்ப வெளுத்ததைக் குப்பையில் போடச் சொன்னார்கள்.

யார் போடுவார்கள்? ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகளுக்கு மாசமானதிலிருந்து தீராத தாகம். தலைமாட்டில் எப்போதும் அந்தப் புட்டிதான்.

மேடம் புட்டியை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். மேலங்கிப் பையில் போன் அதிர்ந்தது.

“அத்தை, வலி கண்டுடுச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துட்டோம். நீங்க எலிக்கு மட்டும்தான் பேறுகாலம் பாப்பீங்களா? கெளம்பி வாங்க,” என்று சிரித்தான் மருமகன்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் சிரிக்கவில்லை. பிரசவ அறை வாசலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். செருப்பு இரண்டையும் கையில் பிடித்திருந்தான். தலை நிமிரவில்லை.

“என்னப்பா ஆச்சு?”

செருப்போடு கையை உள்பக்கம் நீட்டினான். உள்ளே நர்ஸ் கைகழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கையையே திரும்பவும் கழுவினாள்.

“என்ன கொழந்தம்மா?”

நர்ஸ் குழாயை இன்னும் திறந்துவிட்டாள்.

கடைசிக் கட்டில். திரை. திரைக்குப் பின்னால் மகள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. முகம் பூரித்திருந்தது. மார்பிலிருந்து வயிறுவரை ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

“வந்துட்டியாம்மா. மெதுவா வா. எல்லாம் பால் குடிக்குதுங்க.”

எல்லாம்.

துண்டு அசைந்தது. ஒரு குழந்தையின் அசைவு இல்லை. தோளருகே. விலாவில். அக்குளில். ஒரே நேரத்தில்.

“பயப்படாதம்மா. என்னை மாதிரியே தாகம் இதுங்களுக்கும்.” மகள் துண்டின் ஓரத்தைத் தூக்கினாள். “யாரு ஜாடை? பாத்துச் சொல்லு.”

எலியம்மா பார்த்தாள். கூண்டில் பார்த்த குட்டிகள் மாதிரியே நெளிந்தன.

மகள் முகம் மலர அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைக் குடித்து இப்படி ஆனது என்பதை மகளிடம் சொல்வது எலியம்மா பட்ட கடன். அதை அவள் இன்னும் தீர்க்கவில்லை.