சுவருக்கு அப்பால் தெரிந்தது

கணினியை அணைத்த பிறகும் கமராவின் பச்சைப் பொட்டு எரிந்தபடியே இருந்தது. பேணாட் குனிந்து மின்கம்பியைப் பிடுங்கினான். அப்போதும் அது உடனே அணையவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததுபோல மெல்ல மங்கியது.

வெளியே உட்துறைமுகத்தின் மேல் மாலை மழை. டீசல் மணமும் துறைமுக மாவாலையின் ஈரமான கோதுமை மாவின் புளித்த வாடையும் யன்னல் வழியே வந்து அறைக்குள் தங்கின. எங்கோ ஒரு கப்பல் ஊத, கண்ணாடி அதிர்ந்தது. மனைவி பிரசாந்தினி செபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவன் மட்டும்தான்.

போன கிழமைதான் அந்தக் காவல் மென்பொருள் வந்தது. இணையத்தில் சுடும் விளையாட்டு ஆடுபவர்கள் எல்லாரும் அதைப் போட்டே ஆகவேண்டும். கணினி விழிக்குமுன் அது விழிக்கும். கள்ளம் செய்பவனைப் பிடிக்க, எல்லாவற்றையும் உள்ளிருந்து பார்க்கும். பேணாட்டின் அணியில், கிண்ணியாவிலிருந்து ஆடும் இக்ராம் மட்டும் மறுத்தான்.

"விளையாடி முடிஞ்ச பிறகும் அது உள்ளுக்கதான் இருக்கும். பெண்சாதி, பிள்ளையள்ட படமெல்லாம் கிடக்கிற கம்பியூட்டர். என்னால ஏலாது."

"ஒளிக்க ஒண்டுமில்லாட்டி ஏன் இக்ராம் பயப்பிடுறீங்கள்?" என்று கேட்டது பேணாட்தான். அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. இக்ராமைக் கள்ளன் என்று அணியிலிருந்து நீக்கினார்கள்.

கள்ளம் செய்தவன் பேணாட். சுவருக்குப் பின்னால் பதுங்கும் எதிரியைச் சிவப்பு உருவமாகக் காட்டும் ஒரு திருட்டு மென்பொருளை மாதக்கணக்காக வைத்திருந்தான். காவல் வருவதற்கு முதல்நாள் அதை அழித்துவிட்டான்.

கைபேசி அடித்தது. இக்ராம்.

"பேணாட், இஞ்ச எல்லாரும் என்னைக் கள்ளன் எண்டு கதைக்கிறாங்க. நான் செய்யல்ல எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே? ஒரு சொல் சொல்லுங்க."

பேணாட்டின் காதுமடல் சுட்டது. "எனக்கு எப்பிடித் தெரியும், இக்ராம்?"

இக்ராமின் குரல் தாழ்ந்தது.

"சரி. உங்களுக்குப் பக்கத்தில ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லையே."

"மூச்சு விடுறது கேக்குது."

அழைப்பு அறுந்தது.

அந்தக் குரலை மறக்க ஏதாவது சத்தம் வேண்டும். கம்பியைத் திரும்பச் செருகி விளையாட்டைத் திறந்தான். போர்க்களம் வரவில்லை. கறுத்த திரையில் மெல்லிய கோடுகளாக ஒரு வீடு எழுந்தது. முன்கதவு, நடை, குசினி, மேசை போட்ட இந்த அறை. அறைக்குள் சிவப்பாக ஓர் உருவம் கதிரையில் இருந்தது. அவன் கையைத் தூக்கினான். அதுவும் தூக்கியது.

குசினிக்குள் இன்னொரு சிவப்பு உருவம் நின்றது.

"பிரசா? வந்திட்டீரா?"

மழை மட்டும் கேட்டது. எழுந்துபோய்க் குசினி விளக்கைப் போட்டான். அடுப்படி காலி. பின்கதவு பூட்டியபடி. கைபேசியில் பிரசாந்தினியின் செய்தி: 'மழை விடேல்ல. கோயிலடியில நிக்கிறன்.'

திரும்பி வந்து கதிரையில் விழுந்தான். உருவம் இப்போது நடையில் நின்றது.

திரையை அணைத்தான். அணையவில்லை. கம்பியைப் பிடுங்கினான். படம் போகவில்லை.

இக்ராமை அழைக்கவேண்டும். நான்தான் செய்தேன் என்று சொல்லவேண்டும். விரல் அவன் பெயர்மேல் நின்றது. பிறகு பிரசாந்தினியின் முகம் நினைவுக்கு வந்தது. அணியிலுள்ளவர்களின் சிரிப்பு. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

திரையில் அது அறைக்குள் வந்தது. முதுகில் குளிர். பிடரியில் மூச்சு. மாவின் புளித்த வாடை. அவன் திரும்பவில்லை. திரும்ப ஏலவில்லை.

அது குனிந்தது. கதிரையிலிருந்த உருவத்தின் தலைக்குள் தன் தலையை நுழைத்தது. பிறகு தோள். பிறகு கைகள். மெதுவாக. சட்டை மாட்டுவதுபோல.

இப்போது திரையில் ஒரே ஓர் உருவம். அது எழுந்து நின்றது.

பேணாட் எழவில்லை; இன்னும் கதிரையில்தான் இருந்தான். திரையில் கதிரை வெறுமையாக இருந்தது.