பாதியில் நின்ற ரம்பம்

“முரசு அடிக்கச் சொல்லியாச்சு, இனிமே என்ன பேச்சு வேண்டிக் கிடக்கு?”

“அடிக்கச் சொன்னது நீங்க. அவனை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒரே ஒரு வார்த்தை?”

“கேட்கத்தானே இந்த அம்மா வாசல்ல வந்து நிக்கிறேன்! நீ கொஞ்சம் வாயை மூடேன், இத்தமார்!”

டாமரிஸ் கோகின் கதவைத் திறந்தபோது இருவருமே அவளைப் பார்க்கவில்லை. ஒருவர் ஊர்ப்படைத் தலைவர் கேப்டன் பெலெக். மற்றவன் ஊர்க்காவலன் இத்தமார். ஆறடி உயரம், எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவன்.

“உள்ள வந்து சண்டை போடுங்க” என்றாள் டாமரிஸ். “சனிக்கிழமை வச்ச அவரைக்காய் மிச்சம் இருக்கு. சுட வைக்கிறேன்.”

“சாப்பிட நேரமில்ல. வெடிமருந்து போச்சு” என்றார் கேப்டன். “ஜெபவீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கொட்டகையில ரெண்டு பீப்பாய். பின்சுவத்துல சதுரமா ஓட்டை போட்டு எடுத்திருக்கான். ஓட்டைக்குக் கீழ ஒரு மான்தோல் செருப்பு. ஆத்துக்கு அந்தப் பக்கத்து அஸ்குவித்தோட பொண்டாட்டி தைச்சது. அவனை ஆத்தங்கரையில பிடிச்சு, ஜெபவீட்டு முற்றத்துல கட்டி வச்சிருக்கோம். அவங்க பாஷை பேசத் தெரிஞ்சது நீ ஒருத்திதான். மருந்து எங்கேன்னு கேட்டுச் சொல்லு.”

“சொல்லலேன்னா?”

“வெயில் ஜெபவீட்டுக் கூரைக்கு மேல ஏறினதும் இருபது பேரோட ஆத்தைத் தாண்டுவேன். மருந்து அவங்க கையில இருக்கும்போது நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது.”

டாமரிஸ் மேலாடையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். “முப்பத்திமூணு” என்றாள்.

“என்னது?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தலைங்க. ஒம்பது நாளைக்கு முன்னாடி என் கையில விழுந்ததையும் சேர்த்து.”

மருத்துவச்சியான அவளுக்கு இரு கரைகளிலும் வேலை இருந்தது. இந்தக் கரையில் வந்து குடியேறிய ஆங்கிலேயர்களிடம் அவளுக்குப் பெயர், பொறுமைக்காரி. அந்தக் கரையின் பூர்வகுடிகள் அவளை வேறொரு சொல்லால் அழைத்தார்கள். அதன் பொருளை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஜெபவீட்டு முற்றத்தில் ஊர்ப்படை கூடியிருந்தது. நேற்றைய மழையில் மண் குழைந்து, நடந்தவர்களின் காலணியெல்லாம் கணுக்கால்வரை சேறு. துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேலிக் கம்பத்தில் கைகள் கட்டப்பட்டு நின்றான் அஸ்குவித். அவனுக்கு எதிரே, வாயோரத்தில் வழக்கம்போல் இரண்டு பன்றி முடிகளைக் கவ்வியபடி, செருப்புத் தைக்கும் ஜாபெஸ் தோர்ன்.

“வாங்கம்மா, வாங்க” என்றான் ஜாபெஸ். “உங்க சிநேகிதன் உங்களுக்காகத்தான் நிக்கிறான்.”

டாமரிஸ் அஸ்குவித்திடம் அவன் மொழியில் பேசினாள். அவன் சுருக்கமாகப் பதில் சொன்னான்.

“என்ன சொல்றான்?” என்றார் கேப்டன்.

“மருந்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதாம். செருப்பு அவன் சம்சாரம் தைச்சதுதானாம். ‘உங்க ஊர்ல பாதிப் பேரு காலுக்கு அவதானே தைக்கிறா’ன்னு கேக்கிறான்.”

கூட்டத்தில் இரண்டொருவர் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஜாபெஸ் பன்றி முடியை வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினான்.

“கொட்டகையைப் பார்க்கணும்” என்றாள் டாமரிஸ்.

“கேட்கத்தான் கூப்பிட்டேன், பார்க்க இல்ல.”

“பத்துத் தடவை மூச்சு விடுற நேரம், கேப்டன். வெயில் இன்னும் கூரைக்கு வரலையே.”

அவர் கூரையைப் பார்த்தார். நிழல் ஒரு முழம் குறைந்திருந்தது. “சீக்கிரம்” என்றார்.

கொட்டகையின் பின்சுவர் படுக்கைவாட்டில் அடித்த பலகைகளால் ஆனது. இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு வெட்டு, வலப்பக்கம் ஒரு வெட்டு. நடுவிலிருந்த துண்டுகள் புல்லில் கிடந்தன. இத்தமார் மண்டியிட்டு உட்கார்ந்தான். “அக்கா, எங்கேயும் எதையும் நான் நகர்த்தல. செருப்பைக்கூட யாரையும் தொட விடல.”

“நல்ல காரியம் பண்ணினே. செருப்பைத் திருப்பு.”

அவன் திருப்பினான். அடிப்பாகம் சுத்தமாக இருந்தது.

“ஓடும்போது கழண்டிருக்கும்...” என்று தொடங்கியவன் தன் காலில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். “இதைப் போட்டுக்கிட்டு யாரும் நடக்கவே இல்ல!”

“கையில கொண்டு வந்து வச்சிருக்காங்க. இப்ப வெட்டைப் பாரு.”

“வலப்பக்கம் பலகை வெள்ளையா இருக்கு. இடப்பக்கம் ஊறிக் கறுத்திருக்கு. ரெண்டு மரமா?”

“ஒரே பலகைதான். அந்தத் தூளைக் கிளறு.”

கீழே ரம்பத்தூள் குவிந்திருந்தது. மேலே உலர்ந்து, ஊதினால் பறந்தது. அதன் அடியில் ஒரு சிவந்த மேப்பிள் இலை ஒட்டியிருந்தது. இலையை உரித்தால், அதற்கும் அடியில் இருந்த தூள் மாவுபோல் நனைந்து இறுகியிருந்தது.

“ரெண்டு ஆளு!” என்றான் இத்தமார்.

“ரெண்டு நாளு.”

அவள் இடப்பக்க வெட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ திரண்டு வந்தது. முகர்ந்து பார்த்தாள். அதனுள்ளிருந்து விறைப்பாக, ஒரு விரல் நீளத்துக்கு ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கைக்குட்டையில் வைத்து மடித்தாள்.

“இத்தமார், நாலு பேரைக் கூட்டிக்கிட்டு ஜாபெஸ் வீட்டுக்குப் பின்பக்கம் போ. தோல் பதனிட வச்சிருக்கிற மரப்பட்டைக் குவியலைக் கிளறிப் பாரு. ஓடு.”

“ஜாபெஸ் வீட்டுலயா? அக்கா, அந்த ஆளு...”

“ஓடுன்னேன்.”

முற்றத்துக்கு அவள் திரும்பியபோது முரசு தொடங்கிவிட்டது. கூரை விளிம்பில் வெயில் கோடு போட்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுப்புப் புகை மூன்று இடங்களில் நேராக எழுந்தது. அஸ்குவித் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கேப்டன், ஜாபெஸை நாலு கேள்வி கேக்கணும்.”

“என்னையா?” என்றான் ஜாபெஸ். “கேளுங்க, கேளுங்க. நான் என்ன ஓடியா போறேன்?”

“போன மாசம் அஸ்குவித் மேல பிராது கொடுத்தது யாரு?”

“நான்தான். ஓய்வுநாள்ல விலாங்குப் பொறியைத் தூக்கினான். கர்த்தருடைய நாள்னு ஒரு பயம் இருக்கா அவனுக்கு?”

“நேத்து?”

“நேத்தும்தான்! பிரசங்கம் முடிஞ்சு வரும்போது கொட்டுற மழையில பொறியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். ஊரே பார்த்துச்சு. எல்லாத்தையும் கேளுங்க.”

“ஆமா, பார்த்தோம்” என்றது கூட்டம்.

“சந்தோஷம்” என்றாள் டாமரிஸ். “இப்ப எல்லாரும் கேளுங்க. சுவத்துல ரெண்டு வெட்டு. ஒண்ணு மழைக்கு முன்னாடி, இன்னொண்ணு மழைக்குப் பின்னாடி. மழை பெஞ்சது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அப்போ சனிக்கிழமை பாதி அறுத்திருக்கு, இன்னைக்கு விடியக்காலையில மீதி. சனிக்கிழமை சாயங்காலம் ஊர் பூரா சுத்தியல் சத்தம். பொழுது சாஞ்சு ஓய்வுநாள் தொடங்கறதுக்குள்ள கைவேலையை முடிக்க எல்லாரும் அடிச்சுக்கிறோம். அதுக்குள்ள ஒரு ரம்பச் சத்தம் யார் காதுல விழும்? இன்னைக்கு விடிஞ்சதும் அதே கதைதான்.”

“சரி, அதனால?” என்றார் கேப்டன். முரசடிப்பவனின் கை தானாக நின்றிருந்தது.

“பாதியில ஏன் நிறுத்தணும்? ராத்திரி இருந்துச்சு. நேத்து நாம எல்லாரும் ஆறு மணி நேரம் ஜெபவீட்டுக்குள்ள உக்காந்து சங்கீதம் பாடினோம். வெளியே மழைச் சத்தம் வேற. திருடுறவனுக்கு அதைவிட நல்ல நேரம் உண்டா? ஞாயித்துக்கிழமை விலாங்கு பிடிக்கிற மனுஷன், ஞாயித்துக்கிழமை ரம்பம் போடவா பயப்படுவான்?”

யாரோ மெல்ல இருமினார்கள்.

“சூரியன் விழுந்துச்சு, ரம்பம் நின்னுச்சு. திருடாதேன்னு சொல்ற எட்டாம் கற்பனையை மீறத் துணிஞ்சவர், ஓய்வுநாளைக் காக்கச் சொல்ற நாலாம் கற்பனைக்கு நடுங்கிட்டார். ஆத்துக்கு அந்தப் பக்கம் அப்படி நடுங்க ஆள் இல்ல. எல்லாரும் இந்தப் பக்கம்தான் இருக்கோம்.”

“அப்படிப் பார்த்தா எங்க எல்லார் மேலயும்தான் சந்தேகம்!” என்று கத்தினார் கேப்டன்.

“இருந்துச்சு. ஆனா பாதி அறுத்த சுவத்தை ஞாயித்துக்கிழமை எல்லாரும் தாண்டித்தானே போகணும்? வெட்டு தெரியாம அடைக்க வேண்டியிருந்துச்சு. அவசரத்துல கையில இருந்ததை வச்சு அடைச்சிருக்கார்.” டாமரிஸ் கைக்குட்டையை விரித்தாள். “நூலுக்குத் தேய்க்கிற கறுப்பு மெழுகு. அதுக்குள்ள ஒரு பன்றி முடி. நம்ம ஊர்ல ஊசிக்குப் பதிலா பன்றி முடியில நூல் கோக்கிறவர் ஒருத்தர்தான்.”

எல்லாக் கண்களும் ஜாபெஸின் வாயோரத்துக்குப் போயின. அவன் முடியைத் துப்பினான்.

“பொய்! மெழுகு யார் வேணா வாங்கலாம். நானா இருந்தா...”

“நீங்களா இருந்தா நேத்து மழையிலேயே முடிச்சிருப்பீங்க, அப்படித்தானே?”

“ஓய்வுநாள்லயா?” ஜாபெஸின் குரல் உடைந்து எகிறியது. “ஓய்வுநாள்ல ரம்பத்தைத் தொடுவேனா? என்னை என்னன்னு நினைச்சே? பொழுது சாஞ்ச அந்த நிமிஷம் கையை எடுத்துட்டேன்...”

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே விளங்கிவிட்டது. முகம் வெளிறியது.

தெருவிலிருந்து இத்தமாரின் சத்தம் கேட்டது. “இருக்கு! அக்கா, ரெண்டு பீப்பாயும் பட்டைக்கு அடியில இருக்கு! திறக்கக்கூட இல்ல!”

“ஏன், ஜாபெஸ்?” என்றார் கேப்டன். கோபத்தைவிடக் களைப்புதான் அந்தக் குரலில் இருந்தது.

ஜாபெஸ் தரையைப் பார்த்தான். “அந்த ஆத்தோரப் புல்வெளி... ஓடைத் தண்ணி, ஓக் மரம், எல்லாம் அங்கதான் இருக்கு. தோல் ஊற வைக்கிற என் குழிக்குத் தண்ணி சுமந்தே முதுகு போச்சு. என் செருப்பையும் இப்ப யாரும் வாங்கறதில்ல. நீங்க எல்லாரும் ஆத்தைத் தாண்டினா அவங்க போயிடுவாங்கன்னு...” தலை நிமிர்ந்தது. “ஏன், நான் ஒருத்தன்தான் அதுக்கு ஆசைப்பட்டேனா? சொல்லுங்க பார்ப்போம்!”

ஒருவர் வைக்கோல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். இத்தமார் மூச்சிரைக்க வந்து அஸ்குவித்தின் கட்டை அறுத்தான்; பிறகு ஜாபெஸின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான். முரசடிப்பவன் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் ஆற்றுக்கு அப்பால் எழும் புகையைப் பார்த்தார். வெயில் கூரையைத் தாண்டி இறங்கி, வரிசையாக நின்ற இருபது பேரின் துப்பாக்கிக் குழல்களில் பட்டது.

“கலைஞ்சு போகச் சொல்லுங்க, கேப்டன்” என்றாள் டாமரிஸ்.

அவர் புகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அஸ்குவித் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தான். அவன் பேசியபோது டாமரிஸ் வழக்கம்போல் மொழிபெயர்க்கத் திரும்பினாள். தேவைப்படவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஊர் கேட்டிராதபடி, அவர்களுடைய ஆங்கிலத்திலேயே, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக அவன் கேட்டான்:

“மருந்துதான் கிடைச்சிருச்சே. துப்பாக்கியை ஏன் இன்னும் ஒருத்தரும் கீழ வைக்கல?”