வேலாயி கடையின் நாலு எல்லை

ஹட்டனில் இல்மாவின் போட்டோகொப்பிக் கடைக்குள் நுழைந்த வேலாயி, குடையை மடக்கக்கூட மறந்திருந்தாள். கடையின் பின்னறையில்தான் நாகலெட்சுமி உட்கார்ந்திருப்பாள். பத்திரங்களுக்குச் சான்றொப்பமிடும் நொத்தாரிசு ஒருவரிடம் முப்பது வருடம் காணி உறுதிப் பத்திரம் எழுதியவள்; ஓய்வுபெற்ற பிறகும் ஊரார் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். இல்மாவுக்கு அதில் கொள்ளை ஆசை. யாராவது முகம் வாடி வந்தால் போதும், மெசினை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போய்விடுவாள்.

வேலாயி சொன்னது இதுதான். பொகவந்தலாவை பஸ் நிலையத்துக்கு எதிரே அவளுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை. மஃறூப் ஹாஜியாரின் கட்டடம்; 2019இல் எழுதிய பத்து வருடக் குத்தகை. நாலு மாதத்துக்கு முன் ஹாஜியார் அதை நிரோஷன் என்ற போன் கடைக்காரனுக்கு விற்றார். கட்டடத்தை வாங்குகிறவன் குத்தகையையும் சேர்த்துத்தான் வாங்குகிறான், பயப்படாதே என்று வேலாயிக்குத் தைரியமும் சொல்லியிருந்தார். இப்போது நிரோஷன் ஒரு தாளை நீட்டுகிறான். ஹாஜியாரும் வேலாயியும் 2022 ஜூனிலேயே குத்தகையைத் திருத்தி, இந்த மாதக் கடைசியோடு முடித்துக்கொள்ளச் சம்மதித்தார்களாம்.

"கையெழுத்து என்னோடதுதாங்க அக்கா. ஆனா இந்தத் தாளுல நான் போடலங்க," என்றாள் வேலாயி. "கடை போனா மறுபடி தேயிலைத் தோட்டத்துல கொழுந்துக் கூடையத்தான் தூக்கணும். இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு எந்த மலைய ஏறுறது?"

இல்மா தாளில் இருந்த ஹாஜியார், வேலாயி இருவரின் கையெழுத்துகளையும் மெசினில் பெரிதாக்கிப் பழைய குத்தகையோடு ஒப்பிட்டாள். அசல்தான். அப்படியானால் ஹாஜியார்தான் ஏமாற்றி வாங்கியிருக்க வேண்டும் என்று நாகலெட்சுமியின் காதில் ஓதினாள். நாகலெட்சுமியோ, கடையில் தண்ணீர், வெளிச்சமெல்லாம் ஒழுங்கா என்று வேலாயியை விசாரித்தாள். எல்லாம் ஒழுங்குதான், மீட்டரில் பெயர் மாற்ற ஹாஜியாரும் தானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும், கரண்டு பில் மட்டும் இன்னும் ஹாஜியார் பெயரிலேயே வருகிறது என்றாள் வேலாயி.

"நொத்தாரிசு ஒப்பம் இல்லாத திருத்தம் கோர்ட்டுல நிக்காது," என்றாள் நாகலெட்சுமி. "ஆனா கோர்ட்டு முடியிறவரைக்கும் கடை பூட்டிக் கெடக்கும். நாளைக்கு நாங்களே வர்றோம். ரெண்டு பேரையும் கூப்பிட்டு வைங்க."

மறுநாள் காலை பொகவந்தலாவையில் தூறல். நாகலெட்சுமி பழைய குத்தகையையும் புதிய தாளையும் கையில் வைத்துக்கொண்டு கடையை ஒரு சுற்றுச் சுற்றினாள். கிழக்குப் பக்கத்துக் கல்மதிலை விரலால் தடவிப் பார்த்தாள். மதில் நல்ல வெள்ளையாக இருந்தது, பாசி இல்லை.

உள்ளே ஹாஜியாரும் நிரோஷனும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். வேலாயி ஹாஜியாரின் முகத்தைப் பார்க்காமலே தேத்தண்ணி ஆற்றினாள். இப்படியொரு தாளை எழுதவே இல்லை என்று ஹாஜியார் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். தாள் உறுதிக் கட்டோடு தன்னிடம் வந்தது, தான் பேனாவைக்கூடத் தொடவில்லை என்றான் நிரோஷன்.

நாகலெட்சுமி தலையாட்டினாள். "ஒண்ணுதான் தம்பி இடிக்குது. இதுல கிழக்கு எல்லை தப்பா இருக்கே."

"தப்பே இல்லக்கா. நாலு பக்கமும் சுத்திப் பாத்துத்தானே…" நிரோஷன் நிறுத்திக்கொண்டான்.

"ஹாஜியார் எழுதின தாளுக்கு நீங்க எதுக்கு சுத்திப் பாத்தீங்க?"

இல்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாகலெட்சுமி நிதானமாக விளக்கினாள். பழைய குத்தகையில் கிழக்கு எல்லை, முத்துக்கருப்பன் கங்காணியின் பேரிக்காய் மரம். கங்காணி செத்து நாற்பது வருடம், மரமும் இல்லை. ஆனாலும் திருத்தம் எழுதுகிறவர்கள் பழைய எல்லையை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுதுவார்கள். மாற்றினால் அது வேறு இடமாகிவிடும்.

"உறுதியில பக்கத்து வீட்டுக்காரங்க பாதிப் பேரு செத்தவங்கதான். இதுல பாருங்க, கிழக்கே கல்மதில்னு இருக்கு. அந்த மதில் போன வருசம் மண்ணு சரிஞ்சப்புறம் கட்டினது. ரெண்டாயிரத்து இருபத்திரண்டுல யாரு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"கையெழுத்து?" என்றாள் இல்மா.

"மீட்டருக்குன்னு இந்தத் தம்பி வாங்கின வெத்துத் தாளு. ரெண்டு பேரும் சேர்ந்து அடியில போட்டது அது ஒண்ணுதான். அது கரண்டு ஆபிசுக்குப் போயிருந்தா பில்லுல பேரு மாறியிருக்கும். மேல எழுத்து தாராளமா நடக்குது, கீழ வரவர கையெழுத்துக்கு மேல நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க."

நிரோஷன் தலையைக் குனிந்துகொண்டான். தன் போன் கடை இருக்கும் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், வேறு வழி தோன்றவில்லை என்று முனகினான்.

ஹாஜியார் சிரித்துவிட்டார். "எழுபது வயசுல நானும் வெத்துத் தாளுல ஒப்பம் வெச்சிருக்கேன். என்னையும் சேத்து ஏசுங்க தங்கச்சி." வேலாயி நல்ல சூடான தேத்தண்ணியாகப் பார்த்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

பொலிசா நொத்தாரிசா என்று நாகலெட்சுமி கேட்டாள். நிரோஷன் நொத்தாரிசு என்றான்.

அந்த வாரமே ஹட்டனில், நாகலெட்சுமி முன்பு வேலை பார்த்த நொத்தாரிசு முன்னால் எல்லாரும் கூடினார்கள். நிரோஷன் புதிய சொந்தக்காரனாகக் குத்தகையை ஏற்று, மிச்சக் காலம் முழுக்க வேலாயியே கடையை நடத்தலாம் என்று ஒப்புக்கொள்ளும் பத்திரம் தயாராக இருந்தது. வேலாயி பேனாவைத் தொடவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள். நொத்தாரிசு இரண்டு தடவை மணி பார்த்தார்.

"இதுல ஆறு எடத்துல 'மேற்படியார்'னு ஒருத்தரு வர்றாரே, அது யாருங்க ஐயா?"

"அது நீங்கதாம்மா," என்றார் நொத்தாரிசு.

வேலாயி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப என் பேரையே போட்டுடுங்க. ஆறு எடத்துலயும்."

நாகலெட்சுமி தட்டச்சு மெசினில் புதுத் தாளைச் செருகினாள்.