பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்கு

க்ர்ர்ர்... க்ர்ர்ர்...

ஜீவனின் கையில் போன் அதிர்ந்தது.

பதில் சொல்ல ஜீவனால் முடியாது.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த வாடகை அறையில், தலையிலிருந்து ரத்தம் வழியக் குப்புறக் கிடந்தான் அவன்.

வீல் ஸ்பேனரைத் துணியில் சுற்றியபடியே சுரேஸ் குனிந்து திரையைப் பார்த்தான்.

'42: 8/4 6/4. உங்க ஆட்டம் அண்ணே! தூங்கிட்டீங்களா?'

அனுப்பியவள் சிவசக்தி.

சுரேஸின் மனைவி!

செத்தவனிடம்கூடச் சிரித்துப் பேசுகிறாளே!

லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனவள், திரும்பும்போது பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஒரு பேக்கமன் பலகையோடு வந்தாள். அங்கே சமையல்காரனாக இருந்த இந்த ஜீவனும் அதே விளையாட்டைக் கற்றிருந்தான். அவளிடம் ஒரு பலகை, அவனிடம் ஒரு பலகை. ஆட்டமெல்லாம் போனில், எண்களாக. முதலில் பகடையில் விழுந்தது. பிறகு காய் கிளம்பிய கட்டம், ஒரு சாய்கோடு, போய்ச் சேர்ந்த கட்டம்.

அவள் தோளுக்குப் பின்னால் நின்று நின்றே அந்த எழுத்தைச் சுரேஸ் கற்றுக்கொண்டான். காதல் எந்த எண்ணில் ஒளிந்திருக்கிறது என்பதுதான் புரியவில்லை. ஆனால் தட்டும்போது அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும்... அது ஒருநாளும் அவனுக்குக் கிடைத்ததில்லை!

போனை எடுத்தான். பூட்டுப் போடாத போன். பழைய செய்திகளைப் பார்க்கப் பெருவிரல் துடித்தது.

என்னென்ன இருக்குமோ! படித்தால் தாங்குமா?

வேண்டாம்!

ஜீவன் இன்னும் ஒரு ஆட்டம் ஆடவேண்டும். சுரேஸ் மனைவியோடு வீட்டிலிருக்கும்போதே! பிறகு யார் அவனைச் சந்தேகப்படுவார்கள்?

*

ஹாலிஎல மேட்டுத் தோட்டத் தொழிலாளர் லயத்தை மூடுபனி மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

பலகைக்கு முன்னால் சிவசக்தி.

"என்னங்க, வெள்ளனவே வந்துட்டீங்க?"

"ஏன், வரக்கூடாதா? உன் ஆளு இன்னும் ஆடலையாக்கும்?"

"அண்ணனைப் போயி ஆளு கீளுன்னுக்கிட்டு..."

"அண்ணன்னு சொல்லிட்டா ஆச்சா?"

"ஆரம்பிச்சிட்டீங்களா!"

அவள் திரும்பவில்லை. சுரேஸ் பின்னால் நகர்ந்து, ஜீவனின் போனை எடுத்தான். அவள் தோளுக்கு மேலாக ஜீவனின் கறுப்புக் காய்களை எண்ணினான். பகடையில் ஆறும் ஒன்றும் விழுந்ததாக வைத்துக்கொண்டான்.

'61: 12/18 17/18.'

டிங்!

"பாரு, வந்துட்டான்!" சிரித்தான் சுரேஸ்.

சிவசக்தி படித்தாள். மறுபடி படித்தாள். அந்தச் சிரிப்பு வரவில்லை!

"பைப்புல தண்ணி நின்னுரும். பிடிச்சிட்டு வாறேன்."

குடத்தோடு போனவள் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள்.

குடம் காலி!

"தண்ணி எங்கடி?"

"பிடிக்கல. ஜீவன் அண்ணன் இருக்கிற வீட்டுக்கார ஸுபைரா ராத்தாவுக்குப் போன் போட்டேன். ரூமைப் பாக்கச் சொன்னேன்."

"எ... ஏன்? இப்பத்தானே ஆடினான்?"

"அவரு ஆடல. இதுல அவங்கவங்க பக்கத்துல இருந்துதான் கட்டத்தை எண்ணணும். என் பன்னெண்டு அவருக்குப் பதிமூணு. காய் நகர நகர நம்பர் குறையும்... ஏறவே ஏறாது! அவரா இருந்தா 13/7, 8/7ன்னு போட்டிருப்பாரு. இது என் தோளுக்குப் பின்னால நின்னு எண்ணினது. அங்க நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்!"

சுரேஸ் ஜீவனின் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"பழைய மெசேஜைக் கொஞ்சம் பாத்திருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது. நாங்க ஆட்டத்தைத் தவிர ஒண்ணுமே பேசலங்கிறதும் தெரிஞ்சிருக்கும்!"

"சக்தி... உன்னை விட்டுக் கொடுக்க முடியாமத்தான்டி... அவன் செத்துட்டானே!"

"யாரு சொன்னா?"

"ஆங்...?"

"ஆஸ்பத்திரியில கண்ணைத் திறந்துட்டாராம், ராத்தா இப்பத்தான் போன்ல சொன்னாங்க. மொதல்ல சொன்னது உங்க பேரைத்தான். இந்த ஆட்டத்துல அடிபட்ட காய் சாகாதுங்க. திரும்பி வந்து ஆடும்!"

வெளியே ஜீப் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. இன்ஸ்பெக்டர் பஸீல் உள்ளே நுழைந்து, சுரேஸின் கையிலிருந்த ஜீவனின் போனை நிதானமாக வாங்கிக்கொண்டார்.

"ஸேர்... என் ஆட்டோ ரோட்டுல நிக்குது..."

"நிக்கட்டும் தம்பி. இன்னைக்கு ஹயர் சவாரி எங்களோடது. காசு வேணாம்... ஆனா திரும்பக் கொண்டாந்து விடமாட்டோம்!"